துரு மண்டகப்படி

ஐப்பசி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலைப் பஸ் வந்து நிற்கிற நேரத்தில், பெருநொச்சி ஊரில் இருந்த துரு முழுவதும் எழுந்து குளத்துக்கு நடந்து போயிற்று. ரேஷன் கடை ஷட்டரில் இருந்தும், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தில் இருந்தும், மாதா கோயில் மணி தொங்குகிற சட்டத்தில் இருந்தும், கிணற்று ராட்டினங்களில் இருந்தும், பரண்மேல் போட்டு மறந்த மண்வெட்டிகளில் இருந்தும் செம்பழுப்புப் பொடியாக உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் கிடக்காமல் எறும்புச் சாரை மாதிரி வாசல்படி இறங்கி, சந்துகளில் ஒன்றோடொன்று சேர்ந்து, மெயின் ரோட்டுக்கு வரும்போது ஒரு முழ அகலத்துக்கு ஆகியிருந்தது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல, துரு போவுது. போயிக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு பீடி பற்ற வைத்தார். பத்து நிமிஷம் தாமதமானதற்காகப் பஸ்ஸில் இருந்தவர்கள் துருவைத் திட்டவில்லை, டிரைவரைத்தான் திட்டினார்கள்.

ஊருக்குள் அன்றைக்குத் திறக்காமல் கிடந்த பூட்டெல்லாம் திறந்தது. பத்து வருஷமாகத் திருகாத குழாய் திருகியது. சைக்கிள் கடை சொரிமுத்து மட்டும், பழுதுக்கு வந்த ஆறு சைக்கிளும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி மினுங்குவதைப் பார்த்து, இனி நான் எதைத் தேய்த்துப் பிழைக்க என்று தலையில் கை வைத்தான். அவனுடைய பெண்டாட்டி முப்பிடாதி அப்போது குளத்தங்கரையில் இருந்தாள்.

முப்பிடாதி அந்தக் குளத்துக்கு மடைக்காரி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை வைத்து மடை திறந்து மூடுகிற வேலை அவளுடைய அப்பாவிடம் இருந்து அவளுக்கு வந்தது. தம்பி மாசானம் லாரி ஓட்டப் போய்விட்டதால் மூத்தவளான இவள் கைக்கு மடை திறக்கிற திருகு கம்பி வந்து சேர்ந்தது. வந்த ராசியோ என்னவோ, பதினோரு வருஷமாக அவள் ஒரு தடவைகூட மடை திறக்கவில்லை. திறந்து விட ஏற்ற தண்ணீர் குளத்தில் இல்லை. தண்ணீர் நிறைய இருந்தது, அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது, அந்தத் தெளிவுதான் பயம்: ஒரு பாசி இல்லை, தவளை இல்லை, கொசுகூட முட்டையிட மறுத்த தண்ணீர் அது.

காரணம் எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். மேட்டில் ஒரு கம்பி ஆலை இருக்கிறது. துருப்பிடித்து வருகிற கம்பிச் சுருளை அமிலத் தொட்டியில் முக்கித் துருவைக் கழுவி, பளபளவென்று ஆக்கி விற்கிறார்கள். கழுவின அமிலத்தை ஒரு குழாய் வைத்துக் குளத்தில் விட்டார்கள். அவ்வளவுதான் காரணம். இதற்குப் போய் விசாரணைக் கமிஷன், ஆய்வுக் குழு, நீர் மாதிரி என்று மூன்று தடவை ஜீப்புகள் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போயின.

ஊர் அதைக் கண்டுகொண்ட விதம்தான் கேவலம். சொன்னால் எனக்கே வயிறு எரிகிறது.

பெருநொச்சியில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பெண் ஊருக்குள் காலெடுத்து வைக்கும்போது எடுக்கிற முதல் ஆலத்தியைக் குளத்துத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இனி அவள் குடித்து வாழப் போவது அந்தத் தண்ணீர் என்பதால். தட்டு நிறையத் தண்ணீர், ஒரு கரண்டி மஞ்சள் பொடி, சுண்டுவிரல் நுனியில் எடுத்த ஒரே ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு ரத்தச் சிவப்பாகும். எல்லாத் தட்டும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது, மாசானத்தின் பெண்டாட்டி செல்லக்கனி வந்து இறங்குகிற வரைக்கும்.

அன்றைக்கு ஆலத்தி கரைத்தது முப்பிடாதிதான். ஒரு சிட்டிகை போட்டாள், சிவக்கவில்லை. இரண்டு போட்டாள். மூன்று போட்டாள். மணப்பெண் வெயிலில் நின்றாள், மேளக்காரர் வாசித்த அடியையே திரும்பத் திரும்ப வாசித்தார், கூட்டத்தில் குசுகுசுப்புக் கிளம்பியது. பதினேழாவது சிட்டிகையில்தான் தட்டு சிவந்தது. அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. சுண்ணாம்பைத் தின்று தீர்த்தது தண்ணீரில் இருந்த புளிப்பு என்று எவருக்கும் தோன்றவில்லை. பெண்ணின் ராசி என்று தோன்றியது. செல்லக்கனிக்கு அன்றைக்கே 'மஞ்சத்தட்டுக்காரி' என்று பெயர் விழுந்தது. மாடு கன்று போட்டுச் செத்தால் மஞ்சத்தட்டுக்காரி, மழை தப்பினால் மஞ்சத்தட்டுக்காரி. முப்பிடாதியின் அம்மை அந்த மருமகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் பதினோரு வருஷம் இருந்தாள். அதற்குப் பிறகு வந்த பெண்களுக்கெல்லாம் தட்டில் குங்குமத்தைக் கொட்டிச் சிவக்க வைத்து ஊர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டது, ஆனால் செல்லக்கனிக்கு வைத்த பெயரை மட்டும் யாரும் திருப்பி எடுக்கவில்லை.

முப்பிடாதிக்குப் பத்தாவது சிட்டிகையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. அவள் மடைக்காரி, தண்ணீரின் குணம் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில், அந்த மேளச் சத்தத்தில், அம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள், நாத்தனார் பூசி மெழுகுகிறாள் என்று சிரித்தார்கள். அன்றைக்கே உரக்கச் சொல்லாமல் போனேனே என்கிற வேதனை அவளை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் செவ்வாய்தோறும் குளக்கரைக்குத் தட்டோடு போய், மஞ்சள் கரைத்து, சிவக்கும் வரை சிட்டிகை எண்ணி, அந்த எண்ணிக்கையை மடைச் சுவரில் சுண்ணாம்பால் கோடு கிழித்துவிட்டு வருவாள். பதினோரு வருஷமாகப் பதினேழு கோடு. "மடைக்காரி கொளத்துக்குச் சடங்கு சுத்துதா" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள்.

அந்த ஐப்பசிச் செவ்வாய்க்கிழமையும் தட்டோடுதான் நின்றாள். துரு கரையேறி வந்தது. அவள் காலை ஒதுக்கி வழி விட்டாள். அது படித்துறையில் இறங்கிச் சலசலப்பு இல்லாமல் தண்ணீருக்குள் போய் அடிச்சேற்றில் படிந்தது. பிறகு குளம் மூச்சு விட்டது. நீர்மட்டம் ஒரு விரற்கடை இறங்கி, நின்று, ஏறியது. முங்கிக் கிடந்தவர் தலை தூக்கும்போது வருமே ஒரு சத்தம், அது கேட்டது. அவளுக்கு ஆச்சரியமாக இல்லை, அழுகைதான் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு வந்த வேலையைப் பார்த்தாள். பதினாறாவது சிட்டிகையில் தட்டு சிவந்தது.

நடந்தது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளத்தின் அடிச்சேற்றில் ஒரு கூட்டம் குடியிருக்கிறது. ஊரில் அவர்களைக் கீழ்வீட்டுக்காரர்கள் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஒரு கைப்பிடிச் சேற்றில் ஜில்லா ஜனத்தொகையைவிட அதிகம் பேர். உதிர்ந்த இலை, செத்த மீன், சாணி எல்லாம் அவர்களுக்குச் சாப்பாடு. ஆனால் தின்பது பாதி வேலைதான். தின்றதில் இருந்து கழன்று வருகிற எலக்ட்ரான் என்கிற மிகச் சின்னச் சுமையை எங்கேயாவது இறக்கி வைத்தால்தான் அடுத்த வாய் உள்ளே போகும். இறக்க இடமில்லாதவர்கள் பந்தியில் உட்கார்ந்தும் பட்டினி. சந்தைக்குத் தலைச்சுமையோடு போகிறவர்களுக்குப் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டிருக்கிறதே, அந்த மாதிரி அவர்களுக்கும் வழிநெடுகச் சுமைதாங்கிகள் உண்டு. முதல் கல் காற்று. காற்று தீர்ந்தால் வயலில் இருந்து வடிகிற உரத்து உப்பு. அதுவும் தீர்ந்தால் துரு. துருவும் தீர்ந்தால் கந்தக உப்பு. அதன்மேல் இறக்கினால் அழுகிய முட்டை நாற்றம் எழும், குளித்து வந்த பெண்களின் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகும். நாம் மூச்சு விடுவதும் இதே காரியம்தான், நமக்குக் காற்று ஒன்றே கல், அவ்வளவு வித்தியாசம். ஆலையின் அமிலம் வந்து சேற்றுத் துருவைக் கரைத்துவிட்ட நாளில் இருந்து கீழ்வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள், மீதிப்பேர் கந்தகத்தில் இறக்கி நாறடித்தார்கள். துருவில் இறக்கினால் ஒரு விசேஷம் உண்டு: இறக்கும்போதே தண்ணீரில் இருக்கிற புளிப்பையும் அது சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதனால் அவர்கள் ஊரின் துருவைக் கூப்பிட்டார்கள், அதுவும் போயிற்று.

பஞ்சாயத்துத் தலைவர் கொம்பையாவின் மேசையில் அந்த நேரத்தில் ஒரு காகிதம் இருந்தது. ஆலையின் மேனேஜர் ராகவேந்திரன் கொண்டு வந்து கொடுத்தது. பெருநொச்சிக் குளம் உயிரற்ற நீர்நிலை என்று அறிவிக்க வேண்டும் என விண்ணப்பம். தை மாதம் பத்தாம் தேதி அதிகாரி நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால், பதினோராம் தேதியில் இருந்து லாரி லாரியாகச் சாம்பல் கொட்டிக் குளத்தை மேடாக்கி, ஆலைக்குக் கிடங்கு கட்டுவார்கள். ஓடுகிற குழாய் அதிகாரி கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஆலை நான்கு மாதமாக அமிலத்தைக் குளத்தில் விடாமல் தொட்டிகளில் தேக்கி வைத்திருந்தது; கீழ்வீட்டுக்காரர்களுக்குத் துருவைக் கூப்பிட மூச்சு வந்தது அதனால்தான். குளத்தைக் கொன்றவர்கள் அதற்குச் சாவுச் சான்றிதழும் கேட்டார்கள்.

"நாப்பது பேருக்கு வேல போட்டுக் குடுத்துருக்கான். செத்த கொளத்த வச்சுக்கிட்டு நாம என்ன பண்ணப் போறோம்?" என்றார் கொம்பையா.

"மூச்சு விடுதுய்யா, வந்து பாருங்க" என்றாள் மேசை முன்னால் வந்து நின்ற முப்பிடாதி.

"வயசானவன் சாவப் போறப்பமும் மூச்சு விடுதான்."

"அவனப் பொதைக்கதுக்குத் தேதி குறிச்சிட்டு யாரும் பக்கத்துல ஒக்காந்துருக்க மாட்டாவ."

கொம்பையா ஊரைக் கூட்டச் சொன்னார். அவரும் அந்தக் குளத்தில் நீச்சல் பழகியவர்தான்.

ஊர் கூடியது. முப்பிடாதி சுவரில் இருந்த கோடுகளைக் காட்டினாள், அந்த வாரம் பதினான்கு. துரு தீரத் தீரக் குளத்துக்கு மறுபடி மூச்சு முட்டும் என்றாள். துருவுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு, எப்போதும் போலக் கோயில் கொடைத் திருவிழா பதில் சொன்னது. கொடையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாள் மண்டகப்படி உண்டு, அந்த நாளின் பூவும் சோறும் அந்தத் தெருவின் பொறுப்பு. துருவையும் அப்படி முறை வைத்தார்கள். திங்கள் மேலத்தெரு, செவ்வாய் வடக்குத்தெரு, புதன் சேரித்தெரு, வியாழன் கடைத்தெரு, வெள்ளி பள்ளிவாசல் தெரு, ஞாயிறு மாதா கோயில் தெரு. எங்கள் தெருவுக்கு ஏன் கடைசி என்று இரண்டு தெருக்கள் சண்டை போட்டன; சேரித்தெருக்காரர்கள், குளத்துக்கு மட்டும் எங்க துரு ஆகுமாக்கும் என்று கேட்டார்கள், அந்த வருஷம் முதல் தடவையாக அவர்களுடைய முறை நடுவில் விழுந்தது.

அதன்பிறகு பெருநொச்சியில் துரு வளர்ப்பது ஒரு குடும்பக் காரியம் ஆயிற்று. இரும்புச் சட்டியை உப்புத் தண்ணீர் தெளித்து வெளியில் காயப் போட்டார்கள். மீந்த மோரை ஜன்னல் கம்பிக்கு ஊற்றினார்கள். எவர்சில்வர் பாத்திரம் மட்டும் வைத்திருந்த வீட்டுப் பெண்கள் தலைகுனிந்து நடந்தார்கள், "ஒங்க வீட்ல துரு கெடக்கா?" என்பது சம்பந்தம் பேசுகிற இடத்தில் கேட்கிற கேள்வி ஆயிற்று. ஒரு கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராகத் துருவேறிய உழவுக் கொழு வந்தது, அதற்கு மாலை போட்டு மேளத்தோடு எடுத்து வந்தார்கள். நஷ்டப்பட்டுப் புலம்பிய சொரிமுத்துவின் கடைதான் இப்போது ஊரின் கருவூலம். காயலான் கடைகளில் இருந்து சைக்கிள் ரிம், உடைந்த பம்பு, கட்டில் கால் எல்லாம் வாங்கி வந்து வாசலில் நனைய வைத்தான். ஒவ்வொரு தடவை துரு நடந்து போகும்போதும் இரும்பு கொஞ்சம் மெலிந்தது. கொம்பையா வீட்டுக் கேட்டின் கம்பிகள் ஊதுபத்திக் குச்சி கனத்துக்கு வந்துவிட்டன. ஆடு உள்ளே நுழைந்து அவருடைய ரோஜாச் செடியைத் தின்றது. அவர் அந்தக் கேட்டுக்கே மறுபடி உப்புத் தண்ணீர் தெளித்தார்.

குளத்தின் மூச்சு எல்லாத் தெருவுக்கும் கேட்டது. பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குத் தூங்கினார்கள். முட்டை நாற்றம் போயிற்று, கொலுசுகள் வெள்ளையாகவே இருந்தன. சுவரில் கோடுகள் பதினொன்று, ஒன்பது, ஆறு என்று இறங்கின. கோடு ஆறுக்கு இறங்கின வாரம் ஒரு தலைப்பிரட்டை தென்பட்டது, அதைப் பார்க்க ஊரே வரிசையில் நின்றது.

செல்லக்கனி மட்டும் கரைக்கு வரவில்லை. அவள் பின்வாசலில் இரும்பு உலக்கைப் பூணுக்கு உப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது முப்பிடாதி போய் நின்றாள்.

"ஏட்டி, கொளத்தப் பாக்க வாயேன்."

"நான் வந்தா அந்தத் தலைப்பிரட்டையும் செத்துருச்சும்பாவ மதினி. துரு நான் குடுக்கேன். அது யாரு வீட்டுதுன்னு கொளம் கேக்காது."

முப்பிடாதி அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அன்னைக்கு நான் வாயத் தெறந்துருக்கணும்ட்டி" என்றாள். செல்லக்கனி இன்னும் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்தாள்.

மேனேஜர் ராகவேந்திரன் மோசமான ஆள் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். மார்கழி பிறந்ததும் அவர் ஒரு நலத்திட்டத்தோடு வந்தார். ஊரில் இருக்கிற எல்லா இரும்புக்கும் ஆலைச் செலவில் இலவசமாகத் துரு தடுக்கும் சிவப்பு மை பூசி, அதன்மேல் விரும்பிய நிறத்தில் பெயின்ட். மூன்று நாளில் பாதி ஊர் வண்ணமாகிவிட்டது. இலவசம் என்றால் நம் ஆட்கள் கை நீட்டாமல் இருப்பார்களா? பூசின பிறகுதான் அந்தத் தெருக்களின் மண்டகப்படி நாளில் ஒரு பொடி கூட நடக்கவில்லை என்று விழித்தார்கள். வெட்கப்பட்டு மணல்தாள் போட்டுச் சுரண்டினார்கள். சுரண்டி முடிப்பதற்குள், குளம் பிழைத்துவிடும் என்று பயந்த ஆலை குழாயைத் திறந்துவிட்டது, ஆறு மாதத் தேக்கம் மொத்தமாகக் குளத்தில் இறங்கிற்று. அந்தச் செவ்வாய் சுவரில் பதினைந்து கோடு. குளம் விட்டு விட்டு மூச்சு வாங்கியது. தலைப்பிரட்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

தை பத்துக்கு எட்டு நாள் இருந்தது. ஊரில் சுரண்ட இனி இரும்பு இல்லை. "போதும், விதின்னு விட்ருவோம்" என்று கொம்பையா சொன்னதைக் கேட்டு முப்பிடாதிக்கு வந்த கோபத்தில் அவள் செய்த காரியம்தான் இந்தக் கதை.

அவள் திருகு கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனாள், பின்னால் ஆறு தெருப் பெண்களும் போனார்கள். ஆலை முற்றத்தில் கழுவக் காத்திருந்த கம்பிச் சுருள்கள் மலை மலையாகத் துருவேறிக் கிடந்தன. அந்தத் துரு உதிர்ந்து, மூடின கேட்டுக்கு உள்பக்கம் இடுப்பளவு குவிந்து நின்றது. வெளியே வர வழியில்லை, ரப்பர் அடித்து அடைத்த கேட்டு.

"கேட்டத் தெறங்க. அது கொளத்துக்குப் போணும்னு நிக்கு" என்றாள் முப்பிடாதி.

"அது கம்பெனி சொத்தும்மா. துருவா இருந்தாலும் எங்க சொத்து. வெளியே விட முடியாது" என்றார் ராகவேந்திரன்.

"துரு ஒங்க சொத்துன்னா அமிலம் யாரு சொத்து? அத மட்டும் எதுக்கு எங்களுக்குத் தானம் பண்ணுதிய?"

மேனேஜர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் குளக்கரைக்குத் திரும்பினாள். அங்கே ஆலைக் குழாய் வந்து முடிகிற இடத்தில் ஒரு குழி, குழிக்குள் குழாயை மூடித் திறக்கிற இரும்புச் சக்கரம். அதற்கு ஆலை போட்டிருந்த பூட்டு ஐப்பசியில் துரு உதிர்ந்து தானாகத் திறந்து தொங்கியதை, ஆலைக்குள் இருந்தே அமிலத்தை விட்டு நிறுத்துகிற ஆலைக்காரர்கள் கவனிக்கவில்லை. முப்பிடாதி சக்கரத்தின் ஆரக்காலில் திருகு கம்பியைக் கொடுத்து மூச்சைப் பிடித்து மூடினாள். பதினோரு வருஷம் மடை மூட வாய்ப்பில்லாத கை, அன்றைக்கு அந்த மடையை மூடிற்று. பிறகு சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று பகல் அந்தக் குழியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே உலை வைத்தார்கள், அங்கேயே சீட்டுப் போட்டு வம்பு பேசினார்கள், வந்த போலீஸ்காரருக்கும் ஒரு தட்டு சோறு போட்டார்கள். அவர் தின்றுவிட்டு, எனக்கு இதில் எந்தப் பிரிவு பொருந்தும் என்று தெரியவில்லை, கேட்டு வருகிறேன் என்று போனவர் அந்த மூன்று பகலும் திரும்பவில்லை. இரண்டாம் நாள் செல்லக்கனி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். யாரும் ஏதாவது சொல்வதற்கு முன்னால் முப்பிடாதி கை நீட்டி, "கொண்டா, தாகமாருக்கு" என்று வாங்கிக் குடித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குடித்தார்கள்.

போகும் வழி அடைபட்ட அமிலம் ஆலைக்குள்ளேயே ஏறியது. தொட்டிகள் விளிம்பு தட்டின. தன் செருப்பின் அடி கரைவதைப் பார்த்த பிறகு ராகவேந்திரனே ஓடிப் போய்க் கழுவுவதை நிறுத்தி, குழாயில் நிற்கிற அமிலத்தை டேங்கர் லாரிகளில் உறிஞ்சச் சொன்னார். மூன்றாம் நாள் மத்தியானம் குழாய் காலியாகி உள்ளே காற்று ஊதுகிற சத்தம் கேட்டது. முப்பிடாதி இறங்கி, சக்கரத்தை மறுபடி திறந்தாள்.

அமிலம் வந்த அதே குழாய் வழியாகத் துரு வந்தது. கேட்டில் முட்டிக்கொண்டு நின்ற துரு, முற்றத்து மலைகளின் துரு, ஆலைக் கூரையின் துரு, கம்பி இழுக்கிற யந்திரங்களின் பல்லிடுக்குத் துரு, பதினோரு வருஷத்துத் துரு அத்தனையும் குழாய் வாயில் கொப்பளித்து இறங்கிக் குளத்தில் சேர்ந்தது. ஒரு பகல் முழுக்க வந்தது. குளம் மூச்சை இழுத்த இழுப்பில் கரையில் காயப்போட்டிருந்த சேலைகள் தண்ணீர்ப் பக்கமாகப் பறந்தன.

தை பத்தாம் தேதி காலை அதிகாரி வந்தார். ராகவேந்திரன் குடை பிடித்தார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அட்டையில் தயாராக இருந்தது. கரை முழுக்க ஊர் நின்றது.

"சாருக்கு ஊர் வழக்கப்படி ஆலத்தி எடுக்கணும்" என்றாள் முப்பிடாதி. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அவள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வெண்கலத் தட்டைக் குளத்தில் முக்கி எடுத்தாள். மஞ்சள் போட்டுக் கலக்கினாள். சுண்டுவிரல் நுனியால் சுண்ணாம்பைத் தொட்டாள். ஒரே ஒரு சிட்டிகை. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. குளம் மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு விழுந்த இடத்தில் ஒரு புள்ளி சிவந்தது, புள்ளி வட்டமாயிற்று, வட்டம் தட்டாயிற்று.

கரையில் எழுந்த சத்தம் அதிகாரிக்குப் புரியவில்லை. "என்ன?" என்றார்.

"கொளம் உசிரோட இருக்கு சார். எங்க கணக்கு இது. நம்பலேன்னா ஒங்க கருவிய முக்கிப் பாருங்க. கையெழுத்துப் போட வந்தவிய ஒருத்தரும் அத முக்குனதில்ல."

அதிகாரி அட்டையை அக்குளில் இடுக்கினார். பிறகு தானே படியிறங்கி, பையில் இருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துத் தண்ணீரில் வைத்தார். அது ஏழு என்று காட்டியது. புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. அவர் இன்னொரு இடத்தில் வைத்தார், ஏழு. காலடியில் ஏதோ ஊர்கிறதென்று குனிந்தார். அவர் வந்த ஜீப்பின் துரு சக்கரம் வழியாக இறங்கி, அவருடைய காலணியைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சார், அது வந்து..." என்றார் ராகவேந்திரன்.

"உயிர் இருக்கிறதுக்குச் செத்ததுன்னு எழுத என்னால முடியாது" என்று அதிகாரி அட்டையை மூடினார். பிறகு, பழக்கதோஷத்தில், ஆலத்திப் பொட்டுக்காக நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

முப்பிடாதி தட்டோடு அவரைத் தாண்டிப் போனாள். கூட்டத்தின் கடைசியில், புளியமரத்து நிழலில் பாதி மறைந்து நின்றவளிடம் போனாள்.

"செல்லக்கனி, முன்னால வா."

"எனக்கெதுக்கு மதினி? ஊரு பாக்கு."

"பாக்கணும். பதினோரு வருசத்துக்கு முன்னால ஒனக்கு எடுத்துருக்க வேண்டிய தட்டு இது. அன்னைக்கும் ஒம்மேல குத்தமில்ல, தண்ணிலதான் குத்தம். எனக்கு அது தெரியும், தெரிஞ்சும் வாயத் தெறக்கல. இப்பம் தெறக்கேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

மூன்று சுற்றுச் சுற்றினாள். சிவந்த தண்ணீரைத் தொட்டுச் செல்லக்கனியின் நெற்றியில் பொட்டு வைத்தாள். பொட்டு கொஞ்சம் கோணிப் போயிற்று.

செல்லக்கனி அழுவாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவள் அழவில்லை. மாமியாரைப் பார்த்தாள், கொம்பையாவைப் பார்த்தாள், ஆறு தெருவையும் ஒரு தடவை பார்த்தாள்.

"மஞ்சத்தட்டுக்காரின்னு கூப்பிட்ட வாயெல்லாம் இங்கனதான் நிக்கு. இப்பம் எம்பேரச் சொல்லுங்க" என்றாள்.

 முதலில் முப்பிடாதியின் அம்மைதான் "செல்லக்கனி" என்றாள். பிறகு மேலத்தெரு சொன்னது, வடக்குத்தெரு சொன்னது, சேரித்தெரு சொன்னது, கடைத்தெருவும் பள்ளிவாசல் தெருவும் மாதா கோயில் தெருவும் சொன்னன, அதிகாரியோடு வந்திருந்த அந்தப் போலீஸ்காரரும் சொன்னார், நெற்றியை நீட்டியபடி நின்ற அதிகாரியும் என்னவென்று தெரியாமலே சொன்னார்.

"கேக்கல. இன்னொரு தரம்" என்றாள் செல்லக்கனி.

ஊர் இன்னொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தபோது முப்பிடாதி தட்டைப் படியில் வைத்துவிட்டு, திருகு கம்பியை எடுத்துக்கொண்டு மடையைத் திறக்கப் போனாள்.